பாட்டியின் டோக்கன்

ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுக்கும்போது கதவு மூடியது. கனமான கதவு. மூடும்போது சத்தம் போடாது, காதை மட்டும் ஒரு தரம் அடைத்துவிட்டுப் போகும். அடுத்து வெளியே கொண்டி விழுந்தது, பூட்டு சொடுக்கியது. அதற்கடுத்து விளக்கு அணைந்தது.

கிழிந்த மீன் பெட்டியை மடியில் வைத்தபடி சுண்டு கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தாள். பயம் உடனே வரவில்லை. யாரோ கவனிக்காமல் மூடிவிட்டார்கள், பலகையைப் பார்த்ததும் திறப்பார்கள் என்று நினைத்தாள். வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. பலகை நிறைய ஆணிகள். உள்ளே போகிறவர் தன் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் டோக்கனை இன்னொருவர் தொடக் கூடாது. ஒரு டோக்கன் தொங்கினாலும் கதவை மூடக் கூடாது. அந்தக் குளிர்க்கிடங்கில் எத்தனையோ முதலாளிகள் மாறியும் மாறாத சட்டம் அது ஒன்றுதான். அவள் டோக்கன் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவள் கையாலேயே மாட்டினாள்.

"உள்ள ஆள் இருக்கேன்" என்று குரல் கொடுத்தாள்.

கதவு மூடியதும் விசிறிகள் முழு வேகத்துக்கு ஏறிவிடும். அந்த இரைச்சலில் அவள் குரல் பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது.

அடுக்குகளைத் தடவிக்கொண்டு கதவுக்கு வந்தாள். வெளியே பூட்டியிருந்தாலும் உள்ளிருந்து அழுத்தினால் கொண்டியைத் தள்ளிவிடும் குமிழ் ஒன்று அதில் உண்டு. பல மாதங்களாக அது பனி இறுகிக் கிடந்தது. சுடுதண்ணீர் ஊற்றினால் சரியாகும் என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது ஊற்றுவார்கள் என்றும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கையாலும் அழுத்தினாள், பிறகு தோளால், பிறகு முதுகைத் திருப்பி இடுப்பால். குமிழ் கதவோடு கதவாக இருந்தது. கைப்பேசி, சட்டை மாற்றும் அறையில் பைக்குள் கிடந்தது. உள்ளே கொண்டுவந்தால் குளிரில் செத்துவிடும் என்று யாரும் கொண்டுவருவதில்லை. கதவின் அடியில் காற்று போக ஒரு சின்னக் குழாய் இருந்தது. தரையில் படுத்து அதில் வாயை வைத்துக் கத்தினாள். சனிக்கிழமை சாயங்காலம். மற்றவர்கள் முன்பே கிளம்பிவிட்டார்கள். நாளை விடுமுறை.

நாளை விடுமுறை என்பது நினைவுக்கு வந்தபோதுதான் பயந்து, இன்னும் பலமாகக் கத்தினாள்.

பலகையில் அவள் ஆணி காலியாக இருந்தது அவளுக்குத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு போனவர் அவளுடைய மாமா.

மாமா பஸ் கண்டக்டர். பாட்டி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து அதை மாட்டுவதாகப் பேச்சு. படத்துக்குக் கீழே தன் அம்மாவின் டோக்கனையும் மாட்ட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. பாட்டி வேலையை விட்ட நாளிலிருந்து அது பலகையின் கடைசி ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். பல வருஷம் அப்படித்தான் தொங்கியது, அந்த ஒரு ஆணியை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சுண்டு வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் புது டோக்கன் கொடுத்தார்கள். அலுமினியம், இயந்திரத்தில் அடித்தது, ஓரம் கையைக் கீறும். அவள் அதைப் பையில் போட்டுவிட்டு, கடைசி ஆணியிலிருந்த பாட்டியின் தகர டோக்கனை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த ஆணி அவளுடையது, அதுவும் கணக்கில் சேர்ந்தது. பாட்டியின் கட்டைவிரல் பட்டுப் பட்டு அது ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?

மாமா டூட்டி முடிந்து, காக்கிச் சட்டையோடு கிடங்குக்கு வந்தார். கதவுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். சின்ன வயசில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பழகிய இடம், யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. அடுத்தவர் டோக்கனைத் தொடக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் இது உயிரோடு இல்லாதவருடையது, அதிலும் பெற்றவளுடையது. எடுத்தார், கைக்குட்டையால் துடைத்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவுக்காரர் திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். பலகை மொட்டையாக இருந்தது. மூடினார்.

இதெல்லாம் தெரியாததால் சுண்டு கொஞ்ச நேரம் நம்பிக்கையோடு நின்றாள். பிறகு யோசித்தாள். கதவுக்காரர் பலகையைப் பார்க்காமல் கிளம்புகிறவர் இல்லை. பார்த்தும் திறக்கவில்லை என்றால் டோக்கன் கீழே விழுந்திருக்க வேண்டும். பழைய நூல் இற்றுப்போனதென்று போன வாரம்தான் அவள் புதுக் கயிறு கட்டினாள். அவளுடைய ஷூ கயிறு ரொம்ப நீளம். தடுக்கி விழப்போகிறாள் என்று அம்மா அதைக் கத்தரித்தபோது விழுந்த துண்டு அது. பழுப்பு நிறம். முடிச்சைச் சரியாகப் போடவில்லையோ? ஷூ கயிறு வழுக்கும். இருட்டில் கையை முன்னால் நீட்டி அந்த முடிச்சை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். விரல்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தன.

உட்கார்ந்தால் போச்சு. அது பாட்டி சொன்னது.

பாட்டி மாட்டிக்கொண்ட கதையைக் கேட்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. பாட்டி அங்கே பெட்டி தூக்கும் வேலை பார்த்தாள். அம்மா அப்போது நாலடி எடுத்து வைக்கிற குழந்தை, மாமா வயிற்றில். ஒரு நாள் ஆப்பிள் அறையில் அவளை வைத்துப் பூட்டிவிட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. காலையில் திறந்தபோது பாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தச் சுவத்துல இருந்த பெட்டிய எல்லாம் அந்தச் சுவத்துக்கு அடுக்கினேன். அப்புறம் அங்கேருந்து திரும்ப இங்க. விடியற வரைக்கும் இதே வேலை. மொதலாளி வந்து பாக்கறான், வெச்சது வெச்ச எடத்துல இருக்கு. ரெட்டைச் சம்பளம் கேட்டா எப்படி நம்புவான்?"

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பாட்டியும் சிரிப்பாள், பொய்ப் பல் கழன்றுவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு. வயிற்றுக்குள் இருந்தபடியே குளிர்ந்தவர் என்பதால் மாமாவுக்கு ஐஸ் என்றே பெயர் விழுந்துவிட்டது. பஸ்ஸில் பாஸ் காட்டி வரும் பள்ளிப் பிள்ளைகள்கூட ஐஸ் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

தாத்தா தையல்காரர், அதிகம் பேசாதவர். அன்று காலை வீடு வந்த பாட்டியைப் பார்த்துவிட்டு நேரே தன் கடைக்குப் போனாராம். காலி எண்ணெய் டின்னைப் பிரித்து, துணி வெட்டும் கத்தரியால் வட்ட வட்டமாகத் தகரம் வெட்டினார். கத்தரி அன்றோடு பாழ். அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒன்று. பலகையும் அவர்தான் அறைந்தார். தையல் மெஷினை விற்கச் சொல்லியிருந்தால்கூட விற்றிருப்பார், அந்தக் கத்தரியை அப்படிச் செய்ய எப்படி மனசு வந்ததோ என்று பாட்டி ஆச்சரியப்படுவாள். பிறகு, "வேற ஒண்ணும் இல்ல, அவருக்கு எனக்கு பதிலா சமைக்கத் தெரியாது" என்பாள்.

சுண்டு பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்தாள். முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி. இருட்டில் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். பாட்டி செய்ததைச் செய்கிறோம் என்பதில் முதலில் ஒரு தெம்பு இருந்தது. ஆனால் பாட்டி இருந்தது ஆப்பிள் அறை. ஆப்பிளை உறைய விட மாட்டார்கள். இது மீன் அறை. இங்கே மீன் கல்லாகிக் கிடக்கிறது, எடுத்து அடித்தால் மண்டை உடையும். மூக்கின் உள்முடிகள் ஒட்டிக்கொண்டன. கண்ணைச் சிமிட்டினால் இமை திறக்கக் கொஞ்சம் யோசித்தது. வேர்க்கக் கூடாது, வேர்த்தால் அது மேலேயே உறையும். நிற்கவும் கூடாது. வேர்ப்பதற்கும் நிற்பதற்கும் நடுவே எங்கேயோ இருக்க வேண்டும். அது எங்கே என்று பாட்டி கதையில் சொல்லவே இல்லை.

சொல்லாதது இன்னும் எவ்வளவோ இருந்தது. விளக்கு இருந்ததா? அழுதாளா? வயிற்றில் குழந்தை அசைவதை நிறுத்தியதா? வீட்டில் விட்டு வந்த பெண்ணை நினைத்தாளா? சுண்டு அந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பாள், கடைசியில் ரெட்டைச் சம்பளம் வருகிற இடத்துக்காகவே காத்திருந்து கேட்டிருக்கிறாள். அந்தக் கதைக்கு நடுவே ஒரு முழு ராத்திரி இருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. பாட்டி அதன் மேல் ஒரு சிரிப்பைப் போட்டு மூடிவைத்திருந்தாள்.

மூடாதது கதவுகளைத்தான். பாட்டி இருந்தவரை வீட்டில் ஒரு கதவும் முழுசாக மூடியதில்லை. குளியலறைக் கதவு இடுக்கில் எப்போதும் ஒரு ஜோடி செருப்பு. படுக்கும்போது அறைக் கதவுக்கு ஒரு செங்கல். திருடன் வந்தால் என்ன செய்வாய் என்று மாமா கேலி செய்வார். வரட்டும், பேச்சுத் துணைக்கு ஆச்சு என்பாள் பாட்டி. எதையாவது மூடித்தான் ஆக வேண்டும் என்றால், மூடும் முன் குரல் கொடுப்பாள். இருக்கியா? உள்ளே இருப்பவர்கள் இருக்கேன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நகர்வாள். அலமாரியை மூடும்போதும் அப்படிக் கேட்பாள், பழக்க தோஷம். சுண்டு குழந்தையாக இருந்தபோது அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு, இருக்கேன் என்று கத்தி அவளைத் தூக்கிவாரிப்போட வைத்திருக்கிறாள். பாட்டி ஒரு தரம்கூட அதற்குச் சிரிக்கவில்லை. பிறந்தபோது சுண்டெலி அளவு இருந்ததால் சுண்டு என்று பேர் வைத்தவளே அவள்தான், எதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்த விளையாட்டுக்கு மட்டும் அலமாரியைத் திறந்து போட்டுவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

வேலையை விடும் நாளில் பாட்டி கதவுக்காரரோடு சண்டை போட்டாள். அவர் அப்போது இளவட்டம். பலகையைப் பார்த்த பிறகும் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும் என்பது அவள் கட்சி. பலகை இருக்கும்போது தொண்டை எதுக்குக்கா என்றார் அவர்.

"தகரம் பதில் சொல்லுமாடா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாளாம்.

சுண்டுவுக்கு இடது கை விரல்கள் வலிப்பது நின்றது. வலி நின்றதும் அவளுக்குக் கூடுதலாகப் பயம் வந்தது. கையை அக்குளில் செருகிக்கொண்டாள். நினைக்கக் கூடாது என்று நினைத்த ஒன்று அப்போது வந்தது.

பாட்டி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். மாமா வெளியூர் டூட்டியில் இருந்தார், மறுநாள்தான் வர முடியும். அதுவரை உடம்பை அங்கேயே குளிர்பெட்டியில் வைப்பதாகச் சொன்னார்கள். அம்மாவும் சுண்டுவும் கூடப் போனார்கள். சுவர் முழுக்க இழுப்பறைகள். ஊழியர் ஒன்றை இழுத்து, பாட்டியை வைத்து, உள்ளே தள்ளப்போனபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முழுசா மூடாதீங்க, கொஞ்சம் திறந்து வையுங்க என்றாள். அப்படி வைத்தால் குளிர் போய்விடும் அம்மா என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா தன் செருப்பைக் கழற்றினாள். இடுக்கில் வைக்கக் கழற்றுகிறாள் என்று சுண்டுவுக்குப் புரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பின்னால் இழுப்பறை மூடிக்கொண்டது. யாரும் குரல் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் பாட்டி அங்கே இருந்தாள், கூட ஒரு ஆப்பிள்கூட இல்லாமல்.

சுண்டு பெட்டியைக் கீழே வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

விசிறிகள் நின்றன. இடையிடையே அவை தாமாக நிற்கும், பனி உருக. அவ்வளவு பெரிய அமைதியை அந்த அறையில் அவள் கேட்டதில்லை. எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது. குளிர் குறைந்துவிட்டதுபோல இருந்தது. தூங்கினால் தேவலை.

அப்போது தரையிலிருந்து பாட்டி கேட்டாள்.

"சுண்டு. இருக்கியா?"

அதே குரல். அந்த "யா"வை இழுக்கிற இழுப்பும் அதே.

அவளுக்குப் பாட்டியைக் கண்டு பயம் வந்தது அதுதான் முதல் தடவை. செத்தவர்கள் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது என்று யாரோ எப்போதோ சொன்னது. பேசினால், இருக்கேன் என்று ஒரு வார்த்தை சொன்னால், அப்புறம் அவள் பாட்டியோடு இருப்பாள். பாட்டி மடியில் வளர்ந்தவள், பாட்டி சேலைக்குள் தூங்கியவள், பற்களைக் கடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி மூடினாள். போ, போ என்று மனசுக்குள் சொன்னாள்.

"சுண்டு, இருக்கியா? சொல்லும்மா."

சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வாயில என்னடி வெச்சிருக்க? பதில் சொல்லுடி தடிக்கழுதை."

பாட்டி அவளை ஒரு நாளும் கழுதை என்றதில்லை. அவளைக் கழுதை என்பதற்கு உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாத்தியதை. குரலைப் பாட்டியிடமிருந்து வாங்கிக்கொண்டு, வசவை மட்டும் சொந்தமாகக் கண்டுபிடித்துக்கொண்டவள்.

வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை திறக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். கால்கள் வேறு யாருடையவையோ. பதில் போகாவிட்டால் அம்மா இங்கே இல்லை என்று நினைத்து வேறு எங்காவது தேடப் போய்விடுவாள். பக்கத்தில் அவளே அடுக்கியிருந்த பெட்டிகள் இருந்தன. தோளைக் கொடுத்துச் சாய்ந்தாள், முழு எடையோடு. அடுக்கு ஒரு கணம் யோசித்தது. பிறகு மொத்தமாகச் சரிந்தது. கல்லாகிப்போன மீன்கள் தரையெல்லாம் சிதறி உருண்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் வாய் திறந்துகொண்டது.

"இருக்கேன்" என்றாள். இரண்டாம் தரமும் சொன்னாள்.

வெளியே அம்மா அழும் சத்தம் குழாய் வழியாக வந்தது. அழுதுகொண்டே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். உட்காராதே, அசைந்துகொண்டே இரு, மாமா சாவி வாங்க கதவுக்காரர் வீட்டுக்கு ஓடியிருக்கிறான், இதோ வந்துவிடுவான். சாவி வரும்வரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், இருக்கியா என்று. ஒவ்வொரு தரமும் சுண்டு பதில் சொன்னாள். சில சமயம் பதில் வெறும் சத்தமாகத்தான் வந்தது. அம்மாவுக்கு அதுவும் போதும்.

வீட்டில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். மாமா படத்தை மாட்டி, கீழே டோக்கனையும் மாட்டி, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்டு ஏன் இன்னும் வரவில்லை என்று பேச்சு வந்தது. வருவாள், வழியில் யாரோடாவது அரட்டை அடிப்பாள் என்றார் மாமா. கண்ணாடியில் கைரேகை படிந்திருக்கிறதே என்று அம்மா துடைக்கப் போனாள். டோக்கன் தொங்கிய கயிறு கண்ணில் பட்டது. பழுப்பு நிறம். நுனியில் அவள் கத்தரி வெட்டிய வெட்டு.

"டேய், இது எங்கேருந்து எடுத்த?" என்று கேட்டாள். மாமா சொன்னார். அம்மா டீயைக் கீழே வைக்கவில்லை, கையிலிருந்தே விட்டுவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் டாக்டரிடம் போனார்கள். இடது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டார், நுனி தப்புமா தப்பாதா என்று ஒரு வாரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார். தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. மாமா டூட்டிக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், யாரும் அவரோடு பேசவில்லை. பிறகு அம்மா அவரிடம் பால் வாங்கிவரச் சொன்னாள், போய் வாங்கிவந்தார். கதவுக்காரர் ஒரு பையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குமிழுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டேன், இப்போது வேலை செய்கிறது என்றார். சுண்டு சரி என்றாள். அவர் போனபின் அம்மா ஆப்பிளை எடுத்து உள்ளே வைத்தாள், யாரும் சாப்பிடவில்லை. படத்துக்குக் கீழே ஆணி மட்டும் இருந்தது. டோக்கன் சுண்டுவின் தலையணைக்கு அடியில். மத்தியானம் மழை வரும்போல இருந்தது, வரவில்லை. துணி காய்ந்தது. சுண்டு குளிக்கப் போனபோது அம்மா கதவு இடுக்கில் செருப்பை வைத்துவிட்டு, வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு கையால் பட்டன் போட வரவில்லை. அம்மா போட்டுவிட்டாள்.